ஓவர்கிளாக் செய்த செயலிக்கு ராம் வேகத்தைப் பொருத்துவது எப்படி?

செயலியை (சிபியு) 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டேன், அதற்கு ஈடுகொடுக்க எந்த வேக ராம் வேண்டும்? செயலியை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் உலகில் காலடி வைக்கும் பலரும் கேட்கும் கேள்வி இது. 5000-க்குப் பக்கத்தில் 3200 சிறியதாகத் தெரிகிறது. ராம் பின்தங்கிச் செயலியைக் காக்க வைக்கிறதோ என்ற கவலை வருகிறது. உண்மையில் அந்த இரண்டு எண்களையும் பொருத்த வேண்டிய அவசியமே இல்லை. செயலியின் கோர்கள் (கணக்கிடும் மையங்கள்) 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் 5.2-இல் ஓடினாலும் ராம் தன் வேகத்தில் இருக்கும். பொருத்தம் பார்க்க வேண்டியது செயலிக்குள்ளேயே இருந்து ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரோடு. அது எந்த வேகம் வரை ராமுக்குச் சமமாக ஓடும் என்று கண்டுபிடித்து அங்கே நிறுத்துவதுதான் வேலை. இந்தக் கட்டுரை அதற்கான வழியைச் சொல்கிறது.

எந்த எண் எதைக் குறிக்கிறது

ராம் மீது டிடிஆர்4-3200 என்று அச்சிட்டிருந்தால் (டிடிஆர்4 என்பது ராமின் தலைமுறை) அதன் கடிகாரம் ஓடுவது 1600 மெகாஹெர்ட்ஸில். கடிகாரத் துடிப்பின் ஏற்றத்தில் ஒரு முறையும் இறக்கத்தில் ஒரு முறையும் தரவு போவதால் விநாடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றங்கள் நடக்கின்றன. சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்துவிட்டு யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். இங்கே 3200, 3600, 6000 என்று நான் வெறும் எண்ணாகச் சொன்னால் அது பரிமாற்ற வேகம். கடிகாரத்தைச் சொல்லும்போது மெகாஹெர்ட்ஸ் என்று சேர்த்தே சொல்கிறேன்.

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று அடிப்படைக் கடிகாரம். இன்றைய மதர்போர்டுகளில் அது 100 மெகாஹெர்ட்ஸ். மற்றொன்று அதைப் பெருக்கும் மல்டிபிளையர். 100-ஐ 50-ஆல் பெருக்கினால் 5 கிகாஹெர்ட்ஸ். ராமின் வேகமும் அதே அடிப்படைக் கடிகாரத்திலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அதற்கென்று தனி விகிதம் உண்டு.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு. மல்டிபிளையரை 45-இலிருந்து 50-க்கு ஏற்றினால் ராமுக்கு எதுவும் நேராது. அடிப்படைக் கடிகாரத்தை 100-இலிருந்து 104-க்கு ஏற்றினால், 3200 என்று வைத்திருந்த ராம் 3328-க்குப் போய்விடும். ராம் அமைப்பில் நீங்கள் கையே வைக்கவில்லை, ஆனாலும் அது ஓவர்கிளாக் ஆகிவிட்டது. செயலிதான் தாங்கவில்லை என்று நினைத்து அதன் மின்னழுத்தத்தை மேலும் மேலும் ஏற்றுகிறவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கும்.

பழைய அறிவுரையும் அதன் காலமும்

ராமை ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் வை என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்டெல் கோர் 2 காலத்தில் அது மிகச் சரியான அறிவுரை. அப்போது மெமரி கன்ட்ரோலர் செயலிக்குள் இல்லை, மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. இரண்டையும் இணைத்தது ஃப்ரண்ட் சைடு பஸ் என்ற பாதை. கோர் 2 குவாட் கியூ6600 செயலியை எடுத்துக்கொள்ளுங்கள்: 266 மெகாஹெர்ட்ஸ் பஸ், 9 மல்டிபிளையர், மொத்தம் 2.4 கிகாஹெர்ட்ஸ். மல்டிபிளையரை 9-க்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பஸ்ஸைத்தான் ஏற்ற வேண்டும். அதை 333-க்கு ஏற்றினால் 3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும்.

அந்தக் கணினியில் டிடிஆர்2-800 ராம் இருந்தால், தொடக்கத்தில் பஸ்ஸுக்கும் ராமுக்கும் உள்ள விகிதம் 2:3, அதாவது 266-க்கு 400. பஸ் 333-க்குப் போகும்போது அதே விகிதத்தை விட்டுவைத்தால் ராமின் கடிகாரம் 500 மெகாஹெர்ட்ஸ் ஆகும். டிடிஆர்2-800 ராமை 1000-இல் ஓடச் சொல்கிறோம் என்று பொருள். கணினி எழுந்திருக்காது. விகிதத்தை 1:1-க்கு இறக்கினால் ராம் 667-இல் அமைதியாக ஓடும், செயலியின் எல்லையைத் தனியாகத் தேடலாம். அறிவுரை பிறந்தது இப்படி.

பிறகு கன்ட்ரோலர் இடம் மாறியது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 மூலமும், இன்டெல் 2008-இல் நெஹலம் மூலமும் மேசைக் கணினிச் செயலிகளுக்குள்ளேயே அதைக் கொண்டுவந்தன. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜில் அடிப்படைக் கடிகாரம் மற்ற பாதைகளோடு பிணைக்கப்பட்டிருந்ததால் அதைச் சில சதவீதத்துக்கு மேல் நகர்த்த முடியவில்லை. மல்டிபிளையர் திறந்துவிடப்பட்ட கே வகைச் செயலிகள்தான் அதன் பிறகு ஓவர்கிளாக்கின் வாசல். அதனால் பழைய 1:1 கணக்கு பொருளிழந்தது. ஆனால் அதே பெயரில் வேறொரு 1:1 வந்து சேர்ந்திருக்கிறது.

இன்று எதை எதோடு பொருத்துகிறோம்

ஏஎம்டி ரைசன் செயலிகளில் மூன்று கடிகாரங்களைக் கவனிக்க வேண்டும். ராமின் கடிகாரம் எம்கிளாக். மெமரி கன்ட்ரோலரின் கடிகாரம் யூகிளாக். செயலியின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் கடிகாரம் எஃப்கிளாக். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) இந்தப் பெயர்களே இருக்கும் என்பதால் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ரைசன் 3000, 5000 வரிசைகளில் மூன்றும் சமமாக ஓடும்போதுதான் தாமதம் குறைவு. டிடிஆர்4-3600 என்றால் மூன்றும் 1800 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான செயலிகள் இதைத் தாங்கும். சில 1900 வரை, அதாவது டிடிஆர்4-3800 வரை போகும். அதற்கு மேல் ராமை மட்டும் ஏற்றினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். 4400 என்று விளம்பரப்படுத்தப்பட்ட ராமை வாங்கிச் செருகி, 3600-ஐவிட மெதுவான கணினியைப் பெறுவது இப்படித்தான். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பின்னடைவு.

டிடிஆர்5-க்கு மாறிய ரைசன் 7000 வரிசையில் ஏற்பாடு சற்று வேறு. அங்கே எஃப்கிளாக் சமமாக இருக்க வேண்டியதில்லை. அது 2000 மெகாஹெர்ட்ஸ் அளவில் தனியாக ஓடும். ராமும் கன்ட்ரோலரும் சமமாக இருந்தால் போதும். டிடிஆர்5-6000 என்றால் இரண்டும் 3000 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான செயலிகளுக்குப் பொருந்தும் வேகம் இதுதான். 6400-ஐச் சில செயலிகள் தாங்கும், சில தாங்காது. அதற்கு மேல் பாதி வேகக் கன்ட்ரோலரோடு ஓட்டினால், இழந்த தாமதத்தை ஈடுகட்டவே 8000-ஐ ஒட்டிய ராம் தேவைப்படும். புதியவருக்கு அந்தப் பாதை வேண்டாம் என்பது என் கருத்து.

இன்டெல் பக்கம் இதே விஷயம் கியர் என்ற பெயரில் இருக்கிறது. 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறையோடு இது மேசைக் கணினிக்கு வந்தது. கியர் 1 என்றால் கன்ட்ரோலரும் ராமும் சமம்; கியர் 2 என்றால் கன்ட்ரோலர் பாதி வேகம். டிடிஆர்4 ராம் வைத்திருப்பவர்கள் கியர் 1-இல் நிற்கப் பார்க்க வேண்டும். 3600-ஐ ஒட்டிப் பல செயலிகள் எல்லையைத் தொடும். 12-ஆம் தலைமுறையில் கே அல்லாத செயலிகளில் கன்ட்ரோலருக்கான எஸ்ஏ மின்னழுத்தம் பூட்டப்பட்டிருப்பதால் அவற்றின் எல்லை இன்னும் கீழே இருக்கும். டிடிஆர்5 ராமோ இன்டெல் செயலிகளில் நடைமுறையில் எப்போதும் கியர் 2-இல்தான் ஓடுகிறது. ஆகவே அங்கே திடீர்ச் சரிவு இல்லை. கன்ட்ரோலரும் மதர்போர்டும் தாங்கும் வரை வேகம் கூடக் கூடப் பயனும் கூடும்.

தொடங்குவதற்கு முன்

ராம்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு செருகுமிடங்கள் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில், இரண்டு ராம் என்றால் செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் உரிய இடங்கள். முதல் இரண்டு இடங்களில் அடுத்தடுத்துச் செருகினால் இரட்டைச் சேனல் கிடைக்காது. டிடிஆர்4-3200 இரட்டைச் சேனலில் விநாடிக்கு 51.2 ஜிகாபைட் தரும். ஒற்றைச் சேனலில் அதில் பாதி. ஒற்றை ராமை வைத்துக்கொண்டு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதில் பொருளில்லை. இரண்டாவது ராமைச் செருகுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டு ராமும் ஒரே தொகுப்பாக வாங்கியவையாக இருக்கட்டும். ஒரே பெயர், ஒரே வேகம் கொண்ட ராம்களை வெவ்வேறு சமயங்களில் வாங்கினால் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். நான்கு ராம்களைச் செருகுவது கன்ட்ரோலருக்குப் பெரும் சுமை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ராமுக்கு 5200. நான்குக்கு அது 3600 ஆக இறங்கிவிடுகிறது. 64 ஜிபி வேண்டுமானால் 16 ஜிபியில் நான்கு வாங்காமல் 32 ஜிபியில் இரண்டு வாங்குங்கள்.

மதர்போர்டின் பயாஸைப் புதுப்பியுங்கள். டிடிஆர்5 மதர்போர்டுகளில் ராம் தொடர்பான திருத்தங்கள் புதிய பயாஸ்களில்தான் வந்துகொண்டிருக்கின்றன. சிப்செட் அனுமதிக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்டெல்லில் எச்610 ராம் ஓவர்கிளாக்கை அனுமதிக்காது. பி660 ராமை அனுமதிக்கும், செயலியின் மல்டிபிளையரை அனுமதிக்காது.

சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தை) அழிக்கும் ஜம்பர் அல்லது பொத்தான் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள். திரை இருண்ட பிறகு கையேட்டைத் தேடுவது எரிச்சலான வேலை. முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. செயலி தவறினால் கணினி பெரும்பாலும் உறைந்துபோகும், நமக்குத் தெரிந்துவிடும். ராம் தவறினால் ஒரு பிட் மாறிப்போன கோப்பு அப்படியே வட்டில் எழுதப்படும், யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து ஒரு சுருக்கக் கோப்பு விரிய மறுக்கும்போதுதான் விவரம் புரியும்.

படி 1: செயலியை மட்டும் ஏற்றுங்கள்

ராமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ சுயவிவரத்தை (ராமில் எழுதியிருக்கும் வேக அமைப்பை) அணைத்துவிடுங்கள். ராம் அதன் இயல்பான ஜெடெக் (ராமுக்கான பொதுத் தரநிலை) வேகத்தில் ஓடட்டும். டிடிஆர்4-இல் அது 2133 அல்லது 2400 போல இருக்கும், டிடிஆர்5-இல் பெரும்பாலும் 4800. மெதுவாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம், இது தற்காலிகம். இந்த நிலையில் செயலியின் மல்டிபிளையரையும் மின்னழுத்தத்தையும் உங்கள் குளிர்விப்பான் தாங்கும் அளவுக்கு அமைத்து முடியுங்கள். ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருளின் சிறு எஃப்எஃப்டி சோதனை பெரும்பாலும் செயலிக்குள்ளிருக்கும் சிறு நினைவகமான கேஷிலேயே ஓடுவதால் ராமைத் தொந்தரவு செய்யாது. கோர்களைத் தனியாகச் சோதிக்க ஏற்றது. வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் கவனித்தபடி ஓட்டுங்கள். நிலையான அமைப்பு கிடைத்ததும் அதை பயாஸில் ஒரு பெயரிட்டுச் சேமியுங்கள்.

படி 2: ராமை மட்டும் ஏற்றுங்கள்

இப்போது செயலியை இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஆம், கஷ்டப்பட்டு எட்டிய வேகத்தைக் கைவிட மனம் வராதுதான். ஆனால் இரண்டையும் ஒன்றாக மாற்றினால், தவறு நேரும்போது எது காரணம் என்று சொல்ல வழியில்லை. சுற்றிச்சுற்றி இரவெல்லாம் மறுதொடக்கம் செய்துகொண்டிருப்பீர்கள்.

சுயவிவரத்தை இயக்குங்கள். எக்ஸ்எம்பி 2007-இல் இன்டெல் கொண்டுவந்தது. எக்ஸ்போ 2022-இல் ஏஎம்டி கொண்டுவந்தது. இரண்டுமே ராம் நிறுவனம் சோதித்த வேகம், டைமிங் (ராம் காத்திருக்கும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை), மின்னழுத்தம் ஆகியவற்றை ராமிலேயே எழுதி வைத்திருக்கும் பட்டியல்கள். அந்த ராம் அந்த வேகத்தில் ஓடும் என்பதற்குத்தான் அது உறுதி. உங்கள் செயலியின் கன்ட்ரோலருக்கு அது எந்த உத்தரவாதமும் தரவில்லை. சுயவிவரத்தை இயக்குவதும் ஓவர்கிளாக்தான் என்றே செயலி நிறுவனங்கள் கணக்கிடுகின்றன.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில மதர்போர்டுகள் எக்ஸ்எம்பியை இயக்கும்போது செயலியின் மின் வரம்புகளையும் சேர்த்துத் தளர்த்திவிடும், அல்லது தளர்த்தட்டுமா என்று கேட்கும். மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் போன்ற பெயர்களில் அது இருக்கும். இந்தப் படியில் அதை மறுத்துவிடுங்கள்.

சுயவிவரத்தைச் சேமித்து வெளியேறியதும் திரை சிறிது நேரம் இருட்டாக இருக்கும். மதர்போர்டு ராமின் சமிக்ஞைகளைச் சரிசெய்துகொள்கிறது. மெமரி டிரெய்னிங் என்பது இதைத்தான். டிடிஆர்5 கணினிகளில், முக்கியமாக ரைசன் 7000 வரிசைக்கான ஏஎம்5 மதர்போர்டுகளில், இது சில நிமிடங்கள்கூட எடுக்கலாம். பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கணினி எழுந்ததும் வேகத்தைச் சரிபாருங்கள். ஏஎம்டி என்றால் ஜென்டைமிங்ஸ் மென்பொருள் எம்கிளாக், யூகிளாக், எஃப்கிளாக் மூன்றையும் ஒரே சன்னலில் காட்டும். டிடிஆர்5-6000-இல் யூகிளாக் 3000 என்று இல்லாமல் 1500 என்று இருந்தால் பயாஸ் உங்களைக் கேட்காமல் பாதி வேகத்துக்கு மாற்றிவிட்டது. யூகிளாக், எம்கிளாக் சமம் என்று பொருள்படும் அமைப்பைத் தேடி நீங்களே அதைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல் டிடிஆர்4-இல் இதேபோல் கியர் 1 என்று கைப்பட அமையுங்கள். ஆட்டோ என்று விட்டால் சில மதர்போர்டுகள் கியர் 2-க்குப் போய்விடும்.

மின்னழுத்தங்களையும் பார்த்துவிடுங்கள். டிடிஆர்4 ராமுக்கு ஜெடெக் அளவு 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் வழக்கமாக 1.35. டிடிஆர்5-க்கு ஜெடெக் அளவு 1.1, சுயவிவரங்களில் 1.25 முதல் 1.4 வரை. இவற்றைவிட நான் அதிகம் கவலைப்படுவது கன்ட்ரோலருக்கான மின்னழுத்தத்தைப் பற்றி. சுயவிவரத்தை இயக்கியதும் மதர்போர்டு அதைத் தானாக ஏற்றும், சில சமயம் தேவைக்கு மேல். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில எரிந்துபோனதை அடுத்து, அந்த வரிசையின் எஸ்ஓசி (கன்ட்ரோலர் பகுதிக்கான) மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி வரம்பிட்டது. பயாஸ் பழையதாக இருந்தால் அந்த வரம்பு இருக்காது. முதலில் புதுப்பிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுயவிவர வேகம் நிலைக்கவில்லை என்றால் ஒரே அடியாகக் கைவிட வேண்டாம். டைமிங்குகளையும் மின்னழுத்தத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள்: 3600-இலிருந்து 3466, அதற்கும் ஒத்துவராவிட்டால் 3333. எந்த வேகத்தில் கன்ட்ரோலர் இணங்குகிறதோ அதுதான் உங்கள் செயலிக்குப் பொருத்தமான ராம் வேகம். ஒரே மாதிரி எண் கொண்ட இரண்டு செயலிகளுக்குக்கூட இது வேறுபடும்.

டைமிங் பற்றிக் கொஞ்சம்

வேகத்தை ஒரு படி இறக்கினால் ஏதோ பெரிதாக இழந்துவிட்டோம் என்று தோன்றும். அப்படியா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஎல் (முதன்மை டைமிங்) எண்ணை 2000-ஆல் பெருக்கி, ராமின் பரிமாற்ற வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோவிநாடியில் கிடைக்கும். 3200 சிஎல்16 என்றால் 10 நானோவிநாடி. 3600 சிஎல்18 என்றாலும் அதே 10. 6000 சிஎல்30-உம் 10-தான். 6000 சிஎல்40 என்றால் 13.3 ஆகிவிடுகிறது. வேகத்தின் எண்ணை மட்டும் பார்த்து ராம் வாங்குகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இரண்டாவது எண்ணை. என்னைக் கேட்டால், 3600 சிஎல்18-இல் தவறு காட்டும் கணினியை 3200 சிஎல்16-இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். விநாடிக்குப் போகும் தரவின் அளவு கொஞ்சம் குறையும், முதல் தரவு வந்து சேரும் நேரம் மாறாது.

டிஆர்எஃப்சியைக் குறைத்தும் டிஆர்இஎஃப்ஐயை ஏற்றியும், இப்படி உள் டைமிங்குகளை மாற்றிக் கூடுதல் பயன் எடுக்கலாம்தான். ஆனால் அவற்றைத் தொடுவது அடுத்த கட்டம். முதலில் அடித்தளம் உறுதியாகட்டும்.

படி 3: ராமைச் சோதியுங்கள்

விண்டோஸ் திறந்தது, விளையாட்டு ஓடியது என்பதெல்லாம் சோதனை ஆகாது. மெம்டெஸ்ட்86+ நிரலை யூஎஸ்பியில் போட்டு, அதிலிருந்து கணினியைத் தொடக்கி முதலில் ஓட்டுங்கள். இது விண்டோஸுக்கு வெளியே ஓடுவதால், ராம் மோசமாக இருந்தாலும் உங்கள் கோப்புகளுக்கு ஆபத்தில்லை. அதில் தேறினால் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஒய்-க்ரஞ்சர் போன்ற கடுமையான சோதனைகளை ஓட்டலாம். மெம்டெஸ்ட்டில் தேறிய அமைப்புகள் இவற்றில் தோற்பது வழக்கமானதுதான்.

எத்தனை தவறு வரை ஏற்கலாம்? ஒன்றுகூடக் கூடாது. பல மணி நேரம் ஓடி ஒரே ஒரு தவறு காட்டினாலும் அந்த வேகம் தேறவில்லை. டிடிஆர்5-இல் சிப்புக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது சிப்புக்குள் சேமிக்கப்பட்ட பிட்டுகளைத்தான் காக்கிறது. ராமுக்கும் செயலிக்கும் இடையிலான பாதையில் நேரும் தவறுகளைக் காக்காது. ஓவர்கிளாக்கில் தவறு நேர்வது பெரும்பாலும் அந்தப் பாதையில்தான்.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது ஓட்டிய சோதனையில் ராம் குளிர்ச்சியாக இருந்திருக்கும். விளையாடும்போது கார்டின் வெப்பக் காற்று ராம் மீது வீசும். டிடிஆர்5 ராமில் மின்னழுத்தச் சீராக்கியும் ராம் பலகையிலேயே இருப்பதால் அது தானும் சூடாகும். சோதனைகளில் தேறிய கணினி விளையாட்டில் மட்டும் விழுகிறது என்றால், ராமின் வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோவில் பாருங்கள். பெட்டிக்குள் காற்றோட்டத்தைச் சீர்செய்தாலே சில சமயம் எல்லாம் சரியாகிவிடும்.

படி 4: இரண்டையும் சேருங்கள்

படி 1-இல் சேமித்த செயலி அமைப்பையும் படி 2-இல் உறுதியான ராம் அமைப்பையும் இப்போது ஒன்றாக இயக்குங்கள். தனித்தனியாகத் தேறியவை சேர்ந்தாலும் தேறும் என்று எண்ணத் தோன்றும். எப்போதும் அப்படி நடப்பதில்லை. கன்ட்ரோலரும் கோர்களும் ஒரே செயலிக்குள், ஒரே குளிர்விப்பானின் கீழ் இருக்கின்றன. ராம் வேகமானதும் கோர்கள் தரவுக்காகக் காத்திருக்கும் நேரம் குறைகிறது, வேலை கூடுகிறது, வெப்பமும் கூடுகிறது. முன்பு விளிம்பில் நின்ற மின்னழுத்தம் இப்போது போதாமல் போகலாம்.

ப்ரைம்95-இன் பிளெண்ட் அல்லது பெரிய எஃப்எஃப்டி சோதனையை ஓட்டுங்கள். இவை கோர்களையும் ராமையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும். தோற்றால் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிறு எஃப்எஃப்டி தேறி, பெரியது மட்டும் தோற்றால் கன்ட்ரோலர் பக்கமோ ராம் பக்கமோ சிக்கல்; ராம் வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். சிறு எஃப்எஃப்டியே தோற்கத் தொடங்கினால் கோர்களுக்கு மின்னழுத்தம் போதவில்லை; மல்டிபிளையரை ஒன்று குறைப்பது, மின்னழுத்தத்தை ஏற்றுவதைவிட நல்ல தீர்வு. ரைசன் கணினியில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ (வன்பொருள் பிழை) எச்சரிக்கைகள் வரிசையாக வருகின்றன, அவை பஸ் அல்லது இன்டர்கனெக்ட் என்று குறிப்பிடுகின்றன என்றால் எஃப்கிளாக் அதிகம். கணினி உறையாமல் ஓடிக்கொண்டே இந்த எச்சரிக்கைகள் குவியலாம். ஆகவே நீங்களே திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தால் எதை விடுவது? கணினியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காணொளி மாற்றம், முப்பரிமாண ரெண்டரிங் போன்றவை கோர்களின் வேகத்தைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. கோப்புச் சுருக்கமும், செயலியால் வேகம் கட்டுப்படும் விளையாட்டுகளும் ராம் தாமதத்துக்குக் கூர்மையாக எதிர்வினை காட்டும். விளையாட்டுக்காக மட்டும் வைத்திருக்கும் கணினியில் கடைசி 100 மெகாஹெர்ட்ஸ் கோர் வேகத்தைவிட, சமமாக ஓடும் ராமை நான் தேர்ந்தெடுப்பேன். 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்ற செயலிகளில் 96 எம்பி எல்3 கேஷ் இருப்பதால் அவை ராமைத் தேடிப் போவதே குறைவு. அவற்றை வைத்திருப்பவர்கள் சாதாரணச் சுயவிவரத்தை இயக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

அடிப்படைக் கடிகாரத்தை ஏற்றுகிறவர்களுக்கு

மல்டிபிளையர் மட்டும் மாற்றியிருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

அடிப்படைக் கடிகாரத்தை நகர்த்தப் போகிறவர்கள் ராம் விகிதத்தை முன்கூட்டியே இறக்க வேண்டும். 3200 ராமை வைத்துக்கொண்டு 104 மெகாஹெர்ட்ஸுக்குப் போகிறீர்கள் என்றால், பயாஸில் 3000-க்கான விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். 30-ஐ 104-ஆல் பெருக்கினால் 3120, ராமின் எல்லைக்குள் நிற்கும். ரைசனில் எஃப்கிளாக்கும் சேர்ந்தே ஏறும்: 1800 என்று வைத்தது 104-இல் 1872 ஆகும். அதையும் ஒரு படி இறக்குங்கள். பெரும்பாலான பயாஸ்கள் மாற்றத்துக்குப் பிந்தைய உண்மையான ராம் வேகத்தைப் பக்கத்திலேயே காட்டும். சேமிப்பதற்கு முன் அந்த எண்ணைப் படிக்கப் பழகுங்கள்.

இன்டெல் 2015-இல் ஸ்கைலேக்கோடு அடிப்படைக் கடிகாரத்தை பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையிலிருந்து பிரித்துவிட்டது. டிடிஆர்4 ரைசன்களுக்கான ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில் அந்தப் பிரிவு இல்லை. கடிகாரத்தை ஏற்றினால் வட்டுகளும் கிராஃபிக்ஸ் கார்டும் இணைந்திருக்கும் பாதைகளும் சேர்ந்து ஏறும். மல்டிபிளையர் திறந்திருக்கும் செயலியில் இந்த வழியைத் தொடுவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

கணினி எழவே இல்லை என்றால்

மதர்போர்டுகள் பெரும்பாலும் சில முறை தாமே முயன்று, முடியாவிட்டால் பாதுகாப்பான அமைப்புக்குத் திரும்பிவிடும். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் மின் இணைப்பை முழுதாக எடுத்துவிட்டுச் சிமாஸை அழியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரே ஒரு ராமை மட்டும் இரண்டாவது இடத்தில் வைத்துத் தொடக்கிப் பாருங்கள். செயலி போய்விட்டது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். ராம் டைமிங் தவறினால் எதுவும் எரிந்துபோவதில்லை, எழ மறுக்கும், அவ்வளவுதான். நிரந்தரச் சேதம் மிகையான மின்னழுத்தத்தால்தான் வரும்.

எல்லாம் உறுதியானதும் அமைப்பை பயாஸில் ஒரு சுயவிவரமாகச் சேமியுங்கள். கூடவே பயாஸ் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பயாஸைப் புதுப்பிக்கும்போது சேமித்த சுயவிவரங்கள் அழிந்துபோகலாம், அல்லது புதிய பயாஸ் பழைய சுயவிவரத்தை ஏற்க மறுக்கலாம். அப்போது எண்களைப் படத்தைப் பார்த்துக் கைப்பட இட வேண்டியிருக்கும். புதிய பயாஸில் ராம் டிரெய்னிங் முறையும் மாறியிருக்கக்கூடும் என்பதால் மெம்டெஸ்டை மறுபடி ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.